காலி நாற்காலியும் தெருப்பக்கக் கயிறும்

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனி கட்டினேன். தீவில் நல்ல தண்ணீர் கிடைக்காது, லாரித் தண்ணீரை நம்பி இறங்காதே என்று சொன்னவர்கள் இன்று அங்கேதான் ஐஸ் வாங்குகிறார்கள். இராமேஸ்வரத்தில் லாட்ஜ் கட்டினேன். மொட்டைமாடியிலிருந்து கடல் தெரியும் என்று போர்டு வைத்தேன். பக்கத்து லாட்ஜ்காரர் இன்னும் இரண்டு மாடி எழுப்புகிற வரைக்கும் அது முழு உண்மையாகவே இருந்தது. மூன்று விசைப்படகு விட்டேன். கரையில் மாதாவுக்கு ஒரு கெபி கட்டினேன். இடம் போதாது என்று ஆளுக்கு ஆள் அளந்து சொன்னார்கள். மாதா இன்றும் சவுகரியமாகத்தான் நிற்கிறாள். மகள்கள் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்தேன். மருமகன்கள் அந்த வீடுகளைத் தாங்களே கட்டியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதையும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் படிப்பு மூன்றாம் வகுப்பு. கரைவலை இழுக்க ஆள் குறைகிறது என்று என் அய்யா பள்ளிக்கூடத்துக்கே வந்து கூட்டிப்போனார். வாத்தியாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. இதையெல்லாம் நானே கைப்பட எழுதுகிறேன். எழுத்துப்பிழையை மூத்த மகள் திருத்துவாள். விஷயத்தில் கை வைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் கட்டியவற்றில் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. அரபு நாட்டில் ஒரு டீக்கடை மாடியில் நான் நிறுத்திய ஆண்டெனா மரம். மரம் இப்போது இல்லை; கடையை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்களாம். ஆனால் இந்த ஊரில் என் வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு இன்றைய தேதியில் அந்த மரத்தில்தான் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

விஷயம் இதுதான். எண்பத்திரண்டாம் வருஷத்து உலகக் கோப்பையில் அல்ஜீரியா என்ற நாடு மேற்கு ஜெர்மனியைத் தோற்கடித்தது. அந்த ஆட்டத்தை அங்கே டீக்கடையில் முதல் வரிசை நாற்காலியில் இருந்து பார்த்தவன் நான் என்று இருபத்தேழு வருஷமாக ஊரில் சொல்லி வருகிறேன். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், படகு சர்வீசுக்கு ஏற்றிய இடத்தில் சொல்லியிருக்கிறேன், லாட்ஜில் அறை கேட்டு வந்த வடநாட்டுப் பக்தர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் மரியாதையாகக் கேட்டார்கள்.

போன மாதம் என் தங்கச்சி மகன் லீவில் வந்தான். அவனுக்கும் நான் இருந்த அதே அரபு ஊரில்தான் வேலை. ஒரு நாள் டீ குடிக்கப் போன இடத்தில் சுவரில் ஒரு பழைய போட்டோ சட்டம் போட்டுத் தொங்கியிருக்கிறது. அந்த ஆட்டத்தன்று கடைக்குள் எடுத்தது என்று கடைக்காரர் மகன் சொல்லியிருக்கிறார். இவன் அதைச் செல்போனில் பிடித்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மாமாவுக்குப் பரிசு என்று கொண்டுவந்துவிட்டான். பாசமுள்ளவன். பரிசை வீட்டுக்குள் வைத்துக் கொடுத்திருக்கலாம். லாட்ஜுக்கு எதிரே உள்ள டீக்கடையில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது கொடுத்தான்.

என் பெண்டாட்டியின் அண்ணன், அதாவது என் மச்சான், அங்கே இருந்தார். அவர் அங்கே இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. படகு வைத்திருக்கிறவர், என்னைவிட ஒரு படகு குறைவு. படத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒரு முகம் விடாமல் பார்த்தார்.

“மச்சான், இதுல நீ எங்கன இருக்க?”

நான் முதல் வரிசையைக் காட்டினேன். நடுவில் ஒரு நாற்காலி. அதன்மேல் ஒரு கட்டம் போட்ட துண்டு. ஆள் இல்லை.

“துண்டு தெரியுது. ஆளு?”

“அதுதான் நான்.”

டீக்கடையில் அப்புறம் யாரும் டீ குடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே குடித்தால் மூக்கில் ஏறும். மச்சான் மட்டும் சிரிக்காமல் என் தங்கச்சி மகனிடம் கேட்டார். “ஏலே மாப்ள, இந்தச் சேரப் பத்தி அங்கன என்ன சொல்றாய்ங்க?”

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு கேட்டதை அப்படியே சொல்லித் தொலைத்தான். “கடைக்காரர் மகன்ட்ட கேட்டேன் மாமா. அது காலு ஒடிஞ்ச சேரு, அதான் யாரும் உக்காரலன்னாரு.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொய் சொன்னவன் என்றால்கூடப் பரவாயில்லை; தொழில் செய்கிறவனுக்கு அது பழகிப்போன பேச்சு. என் நாற்காலியைக் கால் ஒடிந்தது என்று சொல்லலாமா? ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுபத்தேழில் பம்பாய் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்னத் துறைமுக ஊர். ஒரு அரபியின் லாஞ்சியில் வலை இழுக்கிற வேலை. வலை இழுக்கத்தான் போனேன்; இரண்டாம் வருஷம் லாஞ்சியே என் பொறுப்பில் இருந்தது. அரபிக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அவருக்குக் கடல் என்றால் வாந்தி வரும் என்பதும் ஒரு காரணம்.

துறைமுகத்தை ஒட்டி அந்த டீக்கடை. முதலாளி ஏமன் நாட்டுக் கிழவர். எல்லாரும் ஹாஜி என்போம். டீ மாஸ்டர் நம்ம பக்கத்து ஆள், தொண்டிக்காரர். நான் அவரை மாமு என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். ஊரில் சாயபுமார்களும் நாமும் அப்படித்தானே கூப்பிட்டுக்கொள்கிறோம். கடைக்குள் ஒரு கலர் டிவி, அலமாரியின் மேல், பூப்போட்ட திரை மூடி இருக்கும். ஆட்டம் உள்ள அன்றைக்குத்தான் திரையை விலக்குவார் ஹாஜி, ஏதோ திருச்சொரூபத்தைத் திறக்கிற மாதிரி.

உள்ளே இடம் பிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. முன் வரிசை நாற்காலி அந்த ஊர்க்காரர்களுக்கு. அடுத்தது எகிப்துக்காரர்கள், அவர்கள் வாத்தியார், கணக்கர் என்று படித்த கூட்டம், ஆட்டம் நடக்கும்போதே ஆட்டத்தைத் திருத்துவார்கள். அதற்குப் பின்னால் சூடான்காரர்கள், நெடுநெடுவென்று. எங்களுக்குத் தெருப்பக்க ஜன்னல். வெளியே நின்று பார்க்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். அந்த வகையில் நான் பார்த்த முதல் பத்துப் பதினைந்து கால்பந்து ஆட்டமும் பெரும்பாலும் ஒரு சூடான்காரரின் பிடரிதான். நல்ல பிடரி. கோல் விழுந்தால் அது மேலே போகும், விழாவிட்டால் ஆடாது. அதை வைத்தே ஸ்கோர் சொல்லப் பழகிக்கொண்டேன்.

கால்பந்து எனக்குப் புதிதில்லை. நம்ம கோயில் மைதானத்தில் உதைத்திருக்கிறேன். ஆனால் நம்ம ஆட்டத்தில் பந்து கடலுக்குள் போனால் ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான் சட்டம். இங்கே சட்டம் அதிகம். ஒருவன் எல்லாருக்கும் முன்னால் ஓடிப் போனாலே தப்பு என்று கொடியைத் தூக்குகிறார்கள். முன்னால் ஓடுவது தப்பு என்றால் நான் வாழ்க்கையில் எத்தனை கொடி பார்த்திருக்க வேண்டும்.

ஜன்னலில் நிற்கிற வாழ்க்கை எனக்கு ஒத்துவரவில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு வழி காற்றில் வந்தது.

அந்த ஊருக்கு டிவி சிக்னல் மலையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அது வருகிற வழியில் இளைத்துப்போகும். திரையில் ஆட்டக்காரர்களைவிட அரிசி மழைதான் அதிகம். ஹாஜி டவுனிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அவன் மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாயை நட்டு அதில் ஆண்டெனாவை மாட்டி, கை கழுவிவிட்டுப் போனான். அடுத்த வாரம் வடமேற்கிலிருந்து புழுதிக்காற்று எழும்பியது. குழாய் பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டகையில் கிடந்தது. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை.

நான் மாமுவிடம் சொன்னேன். “இதுக்கு மரம் நிறுத்தணும் மாமு. கப்பல் மரம். முப்பது அடிக்குக் குறையாம. நான் நிறுத்துறேன்னு கிழவர்ட்ட சொல்லு.”

மாமு உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். “எம்புட்டு கூலின்னு கேக்குறாரு.”

“கூலி வேணாம். பங்கு வேணும்.”

“எதுல மாப்ள? டீக்கடையிலயா?”

“ஆட்டத்துல.”

மாமு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். தொண்டிக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. அவர் தொழில் வேறு என்பதால் மறந்திருப்பார். நம்ம கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவனுக்கு மீனில் பங்கு உண்டு. வலைக்குச் சொந்தக்காரன் யாராக இருந்தாலும் சரி, இழுக்க வந்தவன் அசலூர்க்காரனாக இருந்தாலும் சரி. நான் மூன்றாம் வகுப்பை விட்டு வந்த அன்றே கயிற்றைப் பிடித்தேன், அன்றே ஒரு கை மீனோடு வீட்டுக்குப் போனேன். அந்த முறையைத்தான் கேட்டேன். ஆண்டெனாவுக்கு மரம் நிறுத்தினால் அது வலைக்குக் கயிறு பிடிப்பது மாதிரி. அதில் விழுகிற ஆட்டத்தில் எனக்குப் பங்கு. ஆட்டத்தைக் கூறு போட முடியாது என்பதால் அதற்குப் பதிலாக முன் வரிசையில் ஒரு நாற்காலி, எந்த ஆட்டமானாலும், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மாமு இதை அரபியில் சொல்லச் சொல்ல ஹாஜி தாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவரும் கடற்கரையில் பிறந்தவர்தான் போல. எழுந்து வந்து என் கையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

“ஒத்துக்கிட்டாரு மாப்ள. ஆனா பைத்தியமான்னும் கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ராம்நாடுன்னேன்.”

உடைத்துப் போட்ட ஒரு பழைய பாய்மரக் கப்பலிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தேன். நாலு பேர் தூக்கினோம். யோசனை மட்டும் என்னுடையது. மாடி நடுவில் நிறுத்தி நாலு பக்கமும் கயிறு போட்டேன். மூன்று கயிறு மாடிச் சுவரிலேயே கட்டியாகிவிட்டது. தெருப்பக்கச் சுவர் இளகிப்போயிருந்ததால் அந்த ஒரு கயிற்றை மட்டும் கீழே இறக்கி, ஜன்னலுக்கு முன்னால் தெருவில் அடித்த முளையில் கட்டினேன். அதாவது கடைக்குள் இருந்து ஜன்னலைப் பார்த்தால் அந்தக் கயிறு குறுக்கே தெரியும். இதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. ஒரு எகிப்து வாத்தியார் என்னைப் பார்த்து என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். விரலை மூன்று காட்டினேன். மூன்று டிகிரி என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

ஆனால் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. படகில் மரம் நிறுத்துகிறவன் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டமாட்டான். அலையில் படகு ஆடும்போது மரமும் கூடச் சேர்ந்து கொஞ்சம் ஆட வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஒடியும். கொஞ்சம் தொங்கல் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று என் அய்யா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. அதே மாதிரி நாலு கயிற்றுக்கும் தொங்கல் விட்டுக் கட்டியிருந்தேன். கட்டியதில் ஒரு குறையும் இல்லை. கட்டடம்தான் படகு மாதிரி ஆடாமல் நின்றுவிட்டது. அதனால் காற்று அடித்தால் மரம் மட்டும் தனியாக ஆடியது. மரம் ஆடினால் ஆண்டெனா திரும்பும், படம் போகும்.

இறுக்கிக் கட்டிவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். முடியாது என்றேன். கட்டத் தெரியாதவன் என்று ஆகிவிடும். காற்று அடிக்கிற நேரத்துக்கு மட்டும் யாராவது மாடியில் நின்று மரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கட்டினவனுக்குத்தானே மரத்தின் குணம் தெரியும்.

அந்த உலகக் கோப்பையில் அல்ஜீரியா ஆடிய முதல் ஆட்டம் எங்களுக்குப் பொழுது சாய்கிற நேரம், மஃரிபுத் தொழுகையை ஒட்டி ஆரம்பித்தது. அல்ஜீரியா எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் கடைக்குள் இருந்த அத்தனை பேரும் அது தங்கள் சொந்த நாடு என்பது போல உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்மனி ஏழெட்டு கோல் போடும் என்று எகிப்துக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். நான் குளித்து, சட்டை மாற்றி, தோளில் துண்டோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தேன். இடதுபக்கம் ஊர்க்காரர் ஒருவர், துறைமுகத்தில் பெரிய ஆபீசர். வலதுபக்கமும் ஆபீசர்தான். நடுவில் நான். ஜன்னலில் என் பழைய கூட்டாளிகள் தலையைத் தலையை நீட்டினார்கள். அவர்களுக்குக் கையை அசைத்தேன்.

முதல் பாதி முழுவதும் நாற்காலியில் இருந்து பார்த்தேன். இது சத்தியம். யாரும் கோல் போடவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. முன்னால் பிடரி இல்லாமல் பார்க்கும்போது மைதானம் எவ்வளவு பச்சை என்று தெரிந்தது.

இடைவேளையில் மாமு டீ கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்திருப்பேன். கதவுத் திரை உள்பக்கமாக உப்பியது. கடலிலிருந்து தெருவைப் பார்க்கக் காற்று கிளம்பிவிட்டது. டிவியில் அரிசி மழை. கடையில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. இந்தப் பக்கத்து ஆபீசர் என் கையிலிருந்த டீயை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

துண்டை நாற்காலியில் போட்டேன். “மாமு, எவனும் உக்காரக் கூடாது.”

“நீ போ மாப்ள. நான் இருக்கேன்ல.”

மாடிக்குப் போய் பிடித்து இழுப்பதற்கென்றே மரத்தின் நடுவில் தனியாகக் கட்டியிருந்த இழுகயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கரைவலை இழுப்பது போலவே குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன். காற்று மரத்தைத் தெருப்பக்கம் தள்ளியது. நான் கடல்பக்கம் இழுத்தேன். மாமு கடைவாசலில் நின்று ஒரு கண்ணை டிவியிலும் ஒரு கண்ணை மாடியிலும் வைத்துக்கொண்டு சத்தம் கொடுத்தார்.

“பள்ளிவாசல் பக்கமாத் திருப்பு மாப்ள. இன்னும். இன்னும். போதும், மூச்சு விடாத.”

மூச்சு விடாமல் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நிற்பான். நின்றேன். இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு இரைச்சல். கட்டடம் அதிர்ந்து, எனக்குக் காலடியில் தெரிந்தது.

“யாரு மாமு?”

“அல்ஜீரியா. ஒண்ணு. அல்லா, ஒண்ணு போட்டுட்டாய்ங்க மாப்ள.”

“எப்படிப் போட்டான்?”

“கோல்கீப்பர் தள்ளிவிட்டான், இவன் மேல தூக்கிப் போட்டுட்டான். நீ ஆடாத.”

அதற்கப்புறம் ஒரு அமைதி வந்தது. சாதாரண அமைதி இல்லை. நாற்பது அம்பது பேர் இருக்கிற கடையில் கரண்டி விழுகிற சத்தம் மாடிக்குக் கேட்டது. படம் போய்விட்டது என்று நினைத்தேன். வேறு எதற்கு இப்படி வாயடைப்பார்கள்? என் பிடி நழுவியிருக்க வேண்டும் என்று கயிற்றை இன்னொரு பக்கம் திருப்பப் போனேன்.

“ஏலே, கை வைக்காத,” என்று மாமு கத்தினார். “படம் இருக்கு. ஜெர்மன்காரன் போட்டுட்டான். ஒண்ணுக்கு ஒண்ணு. அப்படியே நில்லு.”

அப்படியே நின்றேன். அந்த நேரம் பார்த்துக் காற்று இன்னும் பலமாக வந்தது. கயிறு இடுப்பை அறுத்தது. ஆட்டம் நடுவிலிருந்து திரும்ப ஆரம்பித்தது எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அடுத்த இரைச்சல் வந்தபோது அது இரைச்சலாகவே இல்லை. கடைக்குள் ஏதோ இடிந்து விழுந்தது போல இருந்தது. ஜெர்மன்காரன் பந்தைத் தொடவே இல்லையாம். நடுவில் தொட்டவன் முதல் வலைக்குள் போட்டவன் வரை அல்ஜீரியாக்காரன் காலிலேயே போனதாம். இதெல்லாம் பிறகு மாமு சொல்லி அறிந்தது.

“மாப்ள, இறங்கி வா. திருப்பிக் காட்டுறாய்ங்க. வந்து பாரு.”

நான் எப்படி இறங்குவது? நான் இறங்கினால் எதைத் திருப்பிக் காட்டுவார்கள்? இதை மாமு யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தார். ஹாஜியே வெளியே வந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். நான் தலையை மட்டும் அசைத்தேன். கரைவலை இழுக்கிறவனும் வலையின் மடியில் விழுகிற மீனைப் பார்ப்பதில்லை. அவன் கடலுக்கு நேராகச் சாய்ந்து கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்கவில்லை என்பதற்காக அவன் பங்கை யாரும் பிடித்துக்கொள்வதில்லை.

ஆட்டம் முடியும் வரை பிடித்திருந்தேன். முடிந்து ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வதைக் காட்டும் வரை பிடித்திருந்தேன். அந்த நேரத்தில்தான் எதிரே ஸ்டூடியோ வைத்திருந்த எகிப்துக்காரர் கேமராவோடு ஓடிவந்து, டிவி பக்கத்தில் நின்று கூட்டத்தைப் படம் எடுத்தார். நான் இறங்கி வந்தபோது ஆபீசர்கள் இரண்டு பேரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். பிலிம் தீர்ந்துவிட்டது என்றார். என் துண்டு மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடந்தது. கூட்டம் அந்தக் குதி குதித்தும் ஒருவரும் அதில் உட்காரவில்லை. பக்கத்தில் மாமு நின்றிருந்தார்.

அந்த கோலை நான் இன்று வரை பார்த்ததில்லை. போன மாதம் தங்கச்சி மகன், “மாமா, பிரவுசிங் சென்டருக்கு வாங்க, கம்ப்யூட்டர்ல இருக்கும், காட்டுறேன்,” என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். வேறு எவனோ பிடித்துக் கொடுக்கிற படத்தில் நான் போய் அதைப் பார்ப்பதா?

மறுநாள் காலையிலேயே இதையெல்லாம் டீக்கடையில் சொன்னேன். படத்தையும் கையில் கொண்டுபோயிருந்தேன்.

மச்சான் முழுக்கக் கேட்டார். “ஆகமொத்தம் பாக்கல.”

“முதல் பாதி பாத்தேன்.”

“அதுல ஒண்ணும் நடக்கல.”

“நடக்கலங்கிறதப் பாத்தேன்.”

“சரி மச்சான், மாடியில நின்னங்கிறதுக்கு என்ன அத்தாட்சி? தொண்டிக்காரரு மவுத்தாயிட்டாரு. கிழவரும் இல்ல. நீ கக்கூஸுக்குப் போயிருந்தாலும் சேரு காலியாத்தான் இருக்கும்.”

படத்தை அவர் முன்னால் வைத்தேன். ஜன்னலில் விரலை வைத்தேன். என் பழைய கூட்டாளிகளின் முகங்களுக்கு முன்னால் ஒரு கோடு, மேலே இருந்து கீழே சாய்வாக, நேராக, ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல.

“இது என்ன?”

“கயிறு.”

“எப்படி இருக்கு?”

“விறைப்பா இருக்கு. கட்டின கயிறு விறைப்பா இல்லாம?”

“யாரு கட்டின கயிறு?”

கேள்வி எங்கே போகிறது என்று மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் நான் எப்படிக் கட்டுவேன் என்று ஊருக்குச் சொன்னவரே அவர்தான். இலங்கை டிவி பார்க்கத் தீவில் வீட்டுக்கு வீடு மரம் நிறுத்திய காலத்தில், லீவில் வந்த நானும் என் வீட்டு மாடியில் ஒரு மரம் நிறுத்தினேன். படகு மரத்துக்குக் கட்டுவது போலத்தான் கட்டினேன். மச்சான் தெருவில் நின்று, “என்ன மச்சான், கயித்துல தொட்டில் கட்டப்போறியா, தங்கச்சி ஒண்ணும் சொல்லலயே,” என்று கேட்டார். அது பத்து வருஷம் ஊரில் ஓடியது. நான் கட்டினால் தொங்கும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

“காத்து எங்க இருந்து அடிக்குது, பாரு,” என்றேன். படத்தில் கதவுத் திரை கடைக்குள் உப்பிக்கொண்டிருந்தது. கதவு கடலைப் பார்த்தது, ஜன்னல் தெருவைப் பார்த்தது. “காத்து மரத்தத் தெருப்பக்கம் தள்ளுது. தள்ளுனா தெருப்பக்கக் கயிறு என்ன ஆகும்?”

“தொங்கும்,” என்றார் மச்சான், கடல்காரர் என்பதால் வேறு வழி இல்லாமல். “ரெண்டு மடங்கு தொங்கும்.”

“தொங்குதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“எவனோ அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கிறான்,” என்றார் மச்சான்.

“எவனோவா?”

“அது நீதான்னு கயித்துல எழுதியிருக்கா?” என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது குரலில் பழைய தெம்பு இல்லை. போகும்போது டீக்கு அவரே கொடுத்துவிட்டுப் போனார். என் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி நடந்ததாக ஞாபகம் இல்லை.

கயிற்றில் எழுதியிருக்கவில்லை. ஆகவே படத்தில் எழுத வேண்டும்.

தங்கச்சி மகன் திரும்பிப் போகிறான். இதைப் படித்து அரபியில் சொல்லத் தெரிந்த ஆளை அங்கே பிடிப்பது அவன் பொறுப்பு. ஹாஜியின் மகனிடம் நான் கேட்பது அதிகமில்லை. அந்தச் சட்டத்தின் அடியில், தூரத்தில் நின்றாலும் தெரிகிற எழுத்தில் இப்படி எழுதி மாட்ட வேண்டும்: நடுவில் உள்ள நாற்காலிக்கு நாலு காலும் நன்றாக இருந்தது, அது பங்காகக் கொடுக்கப்பட்டது, அதற்குரியவர் அந்த நேரம் மாடியில் இருந்தார், ஜன்னலில் தெரியும் கயிறு விறைப்பாக இருப்பது அவரால்தான். அதற்குக் கீழே என் முழுப்பெயர், அய்யா பெயர், ஊர். கடையை இடித்துக் கட்டினார்கள் என்பதற்காகப் பங்கு தீர்ந்துவிடாது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேனா இல்லையா என்ற பேச்சு இனி டீக்கடையில் வேண்டாம். பார்த்தவர்கள் நாற்பது அம்பது பேர் அந்தப் படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குக் காட்டியவன் நான். அதைச் சொல்ல வேண்டும், என் முகத்துக்கு நேராக, மச்சானும் இருக்கும்போது.